பழைய காரைத் தாழ்த்துவது: ஸ்பிரிங்கை வெட்டுவதா, மாற்றுவதா, அப்படியே விடுவதா?

இன்ஜின் நன்றாக இருக்கிறது. டிங்கரிங் முடிந்து பெயிண்டும் பளபளக்கிறது. ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் நுழைகிற இடைவெளி கண்ணை உறுத்துகிறது. பழைய மாருதி 800, ஜென், எஸ்டீம், பிரீமியர் பத்மினி வைத்திருக்கும் பலரும் வந்து நிற்கும் இடம் இது. கையில் இருப்பது அளவான காசு. "அரைச் சுத்து வெட்டிடுங்க, வண்டி சூப்பரா உட்காரும்" என்பார் ஒரு மெக்கானிக். "வெட்டினா வண்டி கெட்டுச்சு, செட்டு வாங்கிப் போடுங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

சேலம் டவுனுக்குள் தினமும் ஓடி, அவ்வப்போது குடும்பத்தோடு ஏற்காடு ஏறி இறங்கும் கார்தான் இங்கே கணக்கு. கண்காட்சிக்கு நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

## காசுக்கு முன்னால் அளக்க வேண்டியது

விலையிலிருந்து தொடங்கினால் இந்த விஷயத்தில் தப்பான இடத்தில்தான் போய் முடியும். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் சஸ்பென்ஷன் இன்னும் எவ்வளவு அமுங்க இடம் வைத்திருக்கிறது என்பது. வண்டியை 30 மி.மீ. இறக்கினால் அந்த இடத்திலிருந்து 30 மி.மீ. போய்விடும். சஸ்பென்ஷனில் எந்த முறையில் இறக்கினாலும், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இது மாறாது.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கிறோம், எடை முன்பக்கம் வருகிறது. பிரேக்கை முழுதாக விடுவதற்குள் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறோம், எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் ஏறுகிறது. ஆள் சேர்த்து 1,000 கிலோ வண்டி, 2.37 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்), ஒரு மி.மீ. அமுங்க சுமார் 2 கிலோ கேட்கும் முன் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அழுத்திப் பிடித்த பிரேக்குக்கே முன்பக்கம் சுமார் 20 மி.மீ. இறங்கும். வளைவில் சாய்வதற்கு இன்னொரு 20-25 மி.மீ. போகும். அந்த நேரத்தில் ஒரு பள்ளம் வந்தால் அதற்கும் இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் வண்டி பம்ப் ரப்பர் (சஸ்பென்ஷன் கடைசியாக முட்டி நிற்கும் ரப்பர்) மேல் உட்காரும். உட்கார்ந்த நொடியில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வேலை செய்யாது, ரப்பரே தாங்கும். முன் சக்கரத்தின் பிடிப்பு சட்டென்று குறைந்து, ஸ்டீயரிங் ஒடித்திருந்தும் வண்டி வளைவுக்கு வெளியே ஓடும்.

இதை உங்கள் வண்டியிலேயே அளக்க ஒரு கேபிள் டை போதும். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தூசி ரப்பரை மேலே தூக்கி, ஷாக் ராடில் கேபிள் டையை இறுக்கி, ஷாக் உடலை ஒட்டி இருக்கும்படி கீழே தள்ளி விடுங்கள். வழக்கமாக ஏற்றும் ஆட்களோடு ஏற்காடு போய் வாருங்கள். ஷாக் அமுங்கும்போதெல்லாம் டை மேலே தள்ளப்பட்டு, அதிகபட்சம் அமுங்கிய இடத்தில் நின்றிருக்கும். அங்கிருந்து பம்ப் ரப்பரின் அடி வரை அளந்தால், நீங்கள் செலவழிக்கக்கூடிய தூரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 35 மி.மீ. மிச்சம் இருந்தால் 25 இறக்கலாம். டை ஏற்கெனவே ரப்பரில் முட்டி நின்றால் இப்போதைக்கு ஒரு மி.மீ. கூட இறக்க இடமில்லை என்று அர்த்தம். பின் ஷாக்குக்குத் தகர மூடி இருந்து டை கட்ட முடியாவிட்டால், பம்ப் ரப்பரின் நுனியில் கிரீஸ் தடவுங்கள். எதிரே உள்ள இரும்பில் கிரீஸ் ஒட்டியிருந்தால் முட்டியிருக்கிறது.

அடுத்தது தரை இடைவெளி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். 800-இன் வீல்பேஸ் 2,175 மி.மீ. நாலு சக்கரமும் அதன்மேல் நிற்கும்போது வண்டியின் நடு வயிறு இழப்பது சுமார் 35 மி.மீ.தான். 2,464 மி.மீ. வீல்பேஸ் உள்ள அம்பாசடருக்கு 45. அளவாகக் கட்டிய தடை எந்தக் காரையும் ஒன்றும் செய்யாது. பிரச்சினை தெருவுக்குள் கையால் கட்டிய குறுகலான மேட்டில் இருக்கிறது. முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் இன்னும் ஏறாத நிலையில், மேடு முழு உயரத்துக்கும் வயிற்றுக்கு நேராக வரும். 800-க்கு வெறும் வண்டியில் 170 மி.மீ. இருக்கிறது. ஐந்து பேர் ஏறினால் அதிலேயே ஒரு பங்கு போகும். அதிலிருந்து 40 இறக்கினால் அடுத்து சைலன்சர் பைப்பும் சேம்பரும் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) தரையோடு பேசும். சாக்கடைக்கு மேல் செங்குத்தாகச் சறுக்கல் போட்ட வாசல் உங்களுடையது என்றால், முதல் சோதனையை அங்கேயே வையுங்கள்.

மூன்றாவது, லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை, நிற்கும் கோணம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி முன் சக்கரத்தின் பின்னால் குனிந்து பாருங்கள். ஆர்மின் உள்முனை போல்ட்டையும் வெளிமுனை பால் ஜாயிண்ட்டையும் ஒப்பிடுங்கள். வெளிமுனை தாழ்ந்திருந்தால் நல்லது, சமமாக இருந்தால் பரவாயில்லை. இறக்கியபின் பால் ஜாயிண்ட் உள்முனையைவிட மேலே போய்விட்டால், வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம் பாடியைவிட வேகமாகக் கீழே போயிருக்கும். அதனால் தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகம் சாயும். "இவ்வளவு இறக்கியும் ரோல் ஆகுதே" என்று கேட்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

இந்த மூன்றுக்கும் பிறகுதான் காசும், திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா என்பதும். இந்தக் கடைசிக் கேள்வி பழைய காருக்கு முக்கியம். 15 ஆண்டு தாண்டிய வண்டியின் ஆர்.சி.யை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும்.

## இறக்காமல் புதுப்பிப்பது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தாழ்த்த நினைப்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது ஆடாத வண்டி. 20 வருஷ வண்டி வளைவில் படகு போலச் சாய்வதற்குக் காரணம் உயரம் அல்ல. எண்ணெய் கசிந்து வெறுமையான ஷாக், வெடித்த லோயர் ஆர்ம் புஷ், ஆடும் பால் ஜாயிண்ட், தேய்ந்த ஸ்டெபிலைசர் ரப்பர் ஆகியவைதான்.

முன் ஸ்ட்ரட் இரண்டு, ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கோடு இரண்டு, பம்ப் ரப்பர், தூசி ரப்பர், பின் ஷாக் இரண்டு, லோயர் ஆர்ம் புஷ்கள், ஸ்டெபிலைசர் ரப்பர்கள், கடைசியில் அலைன்மெண்ட். மாருதி வண்டிகளுக்கு இவை சேலத்து உதிரிபாகக் கடைகளில் இன்றும் கிடைப்பவை. வேலையில் ஒரே ஒரு நுணுக்கம்: ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக்கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சில மாதங்களில் கிழியும். லேசாகப் பிடித்துவிட்டு, சக்கரம் தரையில் நின்று எடை ஏறியபின் இறுக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவறவிடும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள்.

இந்தச் செலவு மற்ற எல்லா வழிகளுக்கும் பொதுவானது. செத்த ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங் போட்டால், வண்டி குதிப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி கழற்ற வேண்டிவரும். கூலி இரண்டு முறை. பட்ஜெட் இதற்கு மட்டும்தான் போதும் என்றால் இதோடு நிறுத்துங்கள், வண்டி மாறிப்போனதை முதல் வளைவிலேயே உணர்வீர்கள். நாலைந்து பேரோடு மலை ஏறும் வண்டி, சறுக்கல் வாசல், ஆர்.சி. புதுப்பிப்பு நெருங்கும் வண்டி ஆகியவற்றுக்கும் இதுவே சரி.

## இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டுவது

செலவு குறைவு, அதனால் ஆசை அதிகம். கண்மூடித்தனமாக எதிர்ப்பதும் சரியில்லை. ஸ்பிரிங் வகை பார்த்து, அளவாக, சூடு படாமல் வெட்டினால் இது ஒரு முறையான வேலை. ஆனால் அந்த மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து பொருந்துவது அரிது.

முதல் நிபந்தனை முனை. ஸ்பிரிங்கின் ஒரு முனையாவது மற்ற சுற்றுகளின் அதே விட்டத்தில், அப்படியே திறந்து முடிய வேண்டும். அந்த முனையில்தான் வெட்டலாம். இரண்டு முனையும் உள்ளே சுருங்கிப் போயிருந்தால், அல்லது தட்டையாக மடங்கி உட்கார்ந்திருந்தால், வெட்டியபின் அது இருக்கையில், அதாவது ஸ்பிரிங் உட்காரும் தட்டில், பொருந்தாது. அந்த ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

எவ்வளவு வெட்டினால் எவ்வளவு இறங்கும்? இதற்குப் பலரும் குத்துமதிப்பாகச் சொல்வார்கள், கணக்கு எளிது. வண்டி தரையில் நிற்கும்போது, ஒரு சுற்றின் மையத்திலிருந்து அடுத்த சுற்றின் மையம் வரை அளங்கள். ஒரு முழுச் சுற்று வெட்டினால் அவ்வளவுதான் ஸ்பிரிங் குட்டையாகும். ஸ்பிரிங்கைக் கழற்றி, விரிந்த நிலையில் அளந்தால் கணக்கு தப்பும். நிற்கும்போது 36 மி.மீ. இருந்தால், அரைச் சுற்றுக்கு 18, முக்கால் சுற்றுக்கு 27. சக்கரத்துக்குப் பக்கத்தில் நேராக நிற்கும் ஸ்ட்ரட் வண்டிகளில் இந்த அளவு ஏறக்குறைய அப்படியே வரும்.

வெட்டினால் ஸ்பிரிங் இறுகும் என்பதும் உண்மை. வேலை செய்யும் சுற்று (இருக்கையில் படியாமல் அமுங்கி விரியும் சுற்று) 6 என்றால், அரை வெட்டினால் விறைப்பு 9 சதவீதமும், ஒன்று வெட்டினால் 20 சதவீதமும் கூடும். இது கெடுதல் இல்லை. அமுங்க இடம் குறைந்த வண்டிக்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டும். ஆனால் 20 சதவீதம் தாண்டினால் பழைய ஷாக் அதை அடக்காது.

வெட்டும் வேலை: கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் போட்டு, நடுநடுவே தண்ணீர் விட்டு, கால் சுற்று கால் சுற்றாக. கேஸ் கட்டிங் கூடவே கூடாது. ஸ்பிரிங் இரும்பின் பதம் சூட்டில் போய்விடும், வெட்டிய இடத்துக்கு அடுத்த சுற்று மெல்ல உட்காரும், அல்லது ஒருநாள் முறியும். ஸ்பிரிங்கை வண்டியிலேயே வைத்து டார்ச்சால் சூடுகாட்டி "உட்கார வைக்கிற" வழக்கம் இதைவிட மோசம், அதை ஒரு வழியாகவே இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டிய முனையின் பிசிரை அராவி, துரு பிடிக்காமல் பெயிண்ட் அடித்து, இருக்கையின் படியில் முனை சரியாக முட்டி நிற்கும்படி திருப்பிப் பொருத்த வேண்டும். இடது, வலது இரண்டிலும் ஒரே அளவு. ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் கொக்கி மாட்டும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைத் தளர்த்தக்கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் முகம் போகும்.

பொருத்தியபின் பார்க்க வேண்டியது, வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் கையால் ஆடுகிறதா என்பது. ஆடினால் வெட்டியது அதிகம். ஏற்காட்டு வளைவில் உள்பக்கச் சக்கரம் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து, மறுபடி எடை ஏறும்போது இருக்கையை விட்டு நகர்ந்து உட்காரும். 800, ஜென் வண்டிகளில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே ஸ்பிரிங் வெளியே வந்துவிடும் வாய்ப்பு இன்னும் அதிகம். வேகத்தடையில் "டக்" என்று ஒரு சத்தம் வரத் தொடங்கினால் அது முதல் எச்சரிக்கை.

வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் வண்டியோடு வந்த ஸ்பிரிங்கை வெட்டாமல், பழைய வண்டி பிரிக்கும் இடத்தில் இன்னொரு செட் வாங்கி அதை வெட்டுங்கள். சொந்த செட்டை எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள், ஆர்.சி. புதுப்பிப்புக்கும் வண்டியை விற்கவும் அது தேவைப்படும். 15-20 மி.மீ. போதும், திறந்த முனை ஸ்பிரிங் இருக்கிறது, ஷாக் புதிது என்பவர்களுக்கு இந்த வழி நியாயமானது. 40 மி.மீ. கேட்பவர்களுக்கு இல்லவே இல்லை.

## லோயரிங் ஸ்பிரிங் வாங்கிப் போடுவது

20-35 மி.மீ. இறக்கத்துக்கு இதுவே சரியான கருவி. குட்டையாக இருந்தாலும், சக்கரம் தொங்கும்போது தளராத நீளத்தில் சுற்றியிருப்பார்கள். இறங்கிய அளவுக்கு ஏற்ப விறைப்பும் கூட்டியிருப்பார்கள். இருக்கையில் முனை பொருந்துவதைப் பற்றிக் கவலையில்லை.

சிக்கல், பழைய மாடல்களுக்குத் தயாராகக் கிடைப்பது குறைவு. "இதுக்கும் பொருந்தும்" என்று வேறு வண்டியின் செட்டைத் தலையில் கட்டுவார்கள். உள்விட்டமும் முனையும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள். மாதிரி கொடுத்துச் சுற்றி வாங்குவது இன்னொரு வழி. அப்போது கம்பித் தடிமன், வெளிவிட்டம், மொத்தச் சுற்று, வேலை செய்யும் சுற்று, விரிந்த நீளம், முனை வடிவம், சுற்றும் திசை எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பித் தடிமனை வெர்னியரில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். 11 மி.மீ. கம்பிக்குப் பதில் 11.5 போட்டால் விறைப்பு 19 சதவீதம் எகிறும். அரை மி.மீ. அங்கே அற்பம் இல்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: சுற்றிய ஸ்பிரிங்கை முழுதாக அமுக்கி எடுத்து உட்கார வைத்தார்களா, மேற்பரப்பில் சிறு இரும்புக் குண்டுகளை வீசி அடித்துப் பதப்படுத்தினார்களா? இரண்டும் இல்லாத ஸ்பிரிங் சில வாரத்தில் இன்னும் 10 மி.மீ. தானாகவே இறங்கிவிடும், அதுவும் இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். புது ஷாக், புது மவுண்ட். பம்ப் ரப்பரை இறக்கிய அளவில் பாதிக்கு மேல் நறுக்காமல் அளவாகக் குறைப்பது. டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறியிருக்கும் என்பதால் அலைன்மெண்ட் கட்டாயம், இதை விட்டால் புது டயரின் ஓரம் சீக்கிரமே வழுக்கையாகும். கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) கையேட்டு அளவைத் தாண்டினால் ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரம் மாட்டும் பாகம்) சேரும் இடத்தில் கேம்பர் போல்ட். ஹெட்லைட் உயரம் மறுபடி செட் செய்வது.

பலரும் மறக்கும் ஒன்று உண்டு. சில வண்டிகளில் பின் அச்சோடு கம்பி இணைத்து, பின்னால் எவ்வளவு எடை என்று பார்த்து பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். வண்டியை இறக்கினால் அந்த வால்வு ஆள் ஏறிவிட்டதாக நினைத்து, வெறும் வண்டியிலும் பின் சக்கரத்துக்கு அதிக பிரேக் கொடுக்கும். மழை பெய்த மலைச்சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருந்தால் அதன் கம்பியைப் புது உயரத்துக்குச் செட் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இது வெட்டிய ஸ்பிரிங்குக்கும் பொருந்தும்.

## காயிலோவர்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மரையைத் திருகி உயரம் மாற்றும் முழு செட், நல்லதாக வாங்கினால் பழைய 800 விற்கும் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பழைய ஸ்ட்ரட்டின் மேலேயே மாட்டும் மலிவு ஸ்லீவ் கிட் கிடைக்கிறது. உயரம் மாறும், ஆனால் ஷாக் பழையதே, அமுங்கும் இடமும் பழையதே, விறைப்பு மட்டும் கன்னாபின்னாவென்று ஏறியிருக்கும். சேறும் மழைநீரும் பட்டு மரை இறுகிக்கொண்டால், உயரம் மாற்றலாம் என்ற ஒரே பயனும் போச்சு. குறைந்த பட்ஜெட்டுக்கு இது வழியே இல்லை. ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு.

## பத்மினி, அம்பாசடர்: பட்டை ஸ்பிரிங் வண்டிகள்

இந்த இரண்டையும் வைத்திருப்பவர்களுக்குச் சேலம் நல்ல ஊர். சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றிலும் லாரித் தொழில் இருப்பதால், பட்டை (ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய வளைந்த இரும்புத் தகடுகள்) வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை.

பின்னால் பட்டைக்கு மேல் அச்சு உட்கார்ந்திருந்தால், நடுவே இரும்புக் கட்டை வைத்து இறக்கலாம். 25 மி.மீ. கட்டை என்றால் சரியாக 25 மி.மீ. இறங்கும், கழற்றினால் பழையபடி ஏறும். திரும்ப மாற்றுவதில் இதைவிட எளிய வழி எதுவும் இல்லை. கட்டையின் அடியில் நடுபோல்ட்டின் தலை உட்காரும் குழியும், மேலே அச்சில் பொருந்தும் குமிழும் துல்லியமாக இருக்க வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. யூ போல்ட் நீளமானது புதிதாக வாங்க வேண்டும், பழையதை இழுத்துப் போடக்கூடாது. முதல் 100 கி.மீ.யில் ஒருமுறை, பிறகு 500-இல் ஒருமுறை நட்டை இறுக்குங்கள். அச்சுக்கும் பம்ப் ரப்பருக்கும் நடுவே உள்ள இடைவெளி கட்டையின் அளவுக்குக் குறைந்திருக்கும், அதையும் அளந்து பாருங்கள்.

பட்டையைக் கழற்றி வளைவைக் குறைப்பது இரண்டாவது வழி. குளிர்ந்த நிலையில் சுத்தியலாலும் பிரஸ்ஸாலும் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தால் வண்டி அழகாக உட்காரும். உலையில் பழுக்கக் காய்ச்சுகிறவரிடம் கொடுத்தால், திரும்பப் பதம் போடாத பட்சத்தில், பட்டை மெல்ல நேராகிவிடும். நடுவில் ஒரு பட்டையை உருவி இறக்குவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் சுமை முழுவதும் முதல் பட்டைக்குப் போய், கண் வளையத்துக்குப் பக்கத்தில் அது முறியும். முதல் பட்டை முறிந்தால் அச்சைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை.

முன்னால் பத்மினிக்குச் சுருள் ஸ்பிரிங், மேலே சொன்ன வெட்டும் விதிகள் பொருந்தும். ஆனால் இரட்டை ஆர்ம் அமைப்பில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்பக்கம் தள்ளி நிற்பதால், ஸ்பிரிங்கில் 10 மி.மீ. குறைந்தால் சக்கரத்தில் அதைவிட அதிகம் இறங்கும். கால் சுற்றில் தொடங்குங்கள். அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுங்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு. பாரின் முனையை இடம் மாற்றிப் பொருத்தியே உயரம் குறைக்கலாம், உதிரிச் செலவு கிடையாது. இடது பாரும் வலது பாரும் மாறிவிடாமல் கழற்றும்போதே அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முறுக்கிப் பழகிய பாரை மறுபக்கம் போட்டால் அது முறியும்.

## டயர் வழியாக இறக்குவது

175/70 ஆர் 13 டயரின் விட்டம் 575 மி.மீ. 175/60 ஆர் 13 போட்டால் 540. வண்டி 17 மி.மீ. இறங்கும், அமுங்கும் தூரம் ஒரு மி.மீ. கூடக் குறையாது, லோயர் ஆர்ம் கோணமும் மாறாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைவதற்குப் பதில் கூடிவிடும், எதற்காக இறக்க நினைத்தீர்களோ அதற்கு எதிர். ஸ்பீடோமீட்டரும் ஓடோமீட்டரும் 6 சதவீதம் கூட்டிக் காட்டும். டயரின் லோடு எண் 82-இலிருந்து 77-க்கு வரும், அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 475 கிலோவிலிருந்து 412-க்கு. எப்படியும் டயர் மாற்ற வேண்டிய நேரம் என்றால் யோசிக்கலாம், இறக்குவதற்காக மட்டும் மாற்றாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நியாயமான இறக்கம் | கூடவே வரும் செலவு | திரும்ப மாற்ற |
|---|---|---|---|
| புதுப்பிப்பது மட்டும் | 0 | அலைன்மெண்ட் | தேவையில்லை |
| வெட்டுவது | 15-20 மி.மீ. | இன்னொரு ஸ்பிரிங் செட், ஷாக், அலைன்மெண்ட் | சொந்த செட் இருந்தால் முடியும் |
| லோயரிங் ஸ்பிரிங் | 20-35 மி.மீ. | ஷாக், மவுண்ட், அலைன்மெண்ட், சில வண்டிக்கு கேம்பர் போல்ட் | முடியும் |
| காயிலோவர் | விருப்பம்போல், அமுங்கும் இடம் உள்ளவரை | முழு செட் விலை, மரை பராமரிப்பு | முடியும் |
| பட்டைக்குக் கட்டை | 25 மி.மீ. | புது யூ போல்ட் | மிக எளிது |
| டயர் | 15-17 மி.மீ. | ஸ்பீடோ பிழை, லோடு குறைவு | அடுத்த டயரில் |

## சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் வெட்டிய ஸ்பிரிங்கைப் பார்த்தால் அதைக் குறிப்பில் எழுதுவார், கிளெய்முக்கு அது சிக்கல். ஒர்க்‌ஷாப்பில் "யாரும் கேக்க மாட்டாங்க" என்பார்கள். மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது உரிமையாளராகிய நீங்கள்தான். இந்த ஆபத்தையும் செலவுப் பட்டியலில் சேர்த்தே முடிவெடுங்கள்.

## எந்த வண்டிக்கு எது

கேபிள் டை சோதனையில் 20 மி.மீ.க்குக் குறைவாக மிச்சம் இருந்தால் இறக்க வேண்டாம். ஷாக்கும் ரப்பரும் மாற்றி மறுபடி அளங்கள். சில வண்டிகளில் களைத்த ஸ்பிரிங் ஏற்கெனவே இறங்கியிருப்பதால்தான் இடம் இல்லாமல் இருக்கும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து பாருங்கள். இடதும் வலதும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால், அந்த ஸ்பிரிங்கை வெட்டுவது கோணலை நிரந்தரமாக்குவதுதான்.

மிச்சம் 30-க்கு மேல் இருந்து, வண்டி பெரும்பாலும் இரண்டு பேரோடு ஓடுகிறது என்றால் 25 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங் போடலாம். அதற்குக் காசு சேரும்வரை ஷாக் வேலையை முடித்து வைத்துக் காத்திருப்பது, இன்றே வெட்டுவதைவிட நல்லது. அதுவரை பொறுக்க முடியாதவர்கள், திறந்த முனை ஸ்பிரிங் என்றால் மட்டும், இரண்டாவது செட்டில் அரைச் சுற்று. பத்மினி, அம்பாசடர்காரர்கள் 25 மி.மீ. கட்டையோடு பின்னால் தொடங்கி, முன்பக்கத்தை அதற்கு ஈடாகக் கொண்டுவரலாம். பின்னால் நாலு பேரும் மூட்டையும் ஏற்றி மலை ஏறும் வண்டிக்கு எந்த வழியும் வேண்டாம்.

எந்த வழியானாலும் வேலை முடிந்த அன்றே ஏற்காடு ஏறாதீர்கள். முதலில் தெருவுக்குள் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயர் மட்கார்டின் உள் ரப்பரில் உரசுகிறதா என்று பாருங்கள். பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து அதையே மறுபடி செய்யுங்கள். 200-300 கி.மீ. ஊருக்குள்ளேயே ஓட்டி, ஸ்பிரிங் உட்கார்ந்தபின் நாலு மூலையையும் மறுபடி அளந்து, போல்ட்டுகளை இறுக்கி, அதன் பிறகு அலைன்மெண்ட்டுக்குப் போங்கள். முன்கூட்டியே செய்தால் அந்தக் காசு வீண். மலைக்குப் போகும் முதல் முறை கேபிள் டையைக் கட்டிக்கொண்டே போங்கள். இறங்கி வந்து பார்க்கும்போது அது பம்ப் ரப்பரில் முட்டி நின்றால், உயரத்தை 10 மி.மீ. கூட்டாமல் மறுபடி ஏற வேண்டாம்.